இரண்டு பேர் முகம் பார்த்துக் கதைக்காத டீம்: பிணக்கைத் தீர்க்க ப்ரொஜெக்ட் மெனேஜருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஸ்டாண்ட்அப்பில் (டீம் தினமும் கூடும் சின்னச் சந்திப்பு) ஒருவர் வாய் திறந்ததும் மற்றவர் ஃபோனைப் பார்க்கிறார். பக்கத்து மேசையில் இருப்பவருக்கே ஈமெயில் போகிறது, அதில் உங்கள் பெயர் சிசி-யில் இருக்கிறது. வேலைகளைப் பதியும் சொஃப்ட்வெயாரான ஜிராவில் ஒரே பக் (சொஃப்ட்வெயார் பிழை) மூன்றாம் முறையும் திறக்கப்பட்டிருக்கிறது. இதில் ஒன்று தனியாகத் தெரிந்தால் விட்டுப் பார்க்கலாம். மூன்றும் ஒரே கிழமையில் தெரிந்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் நீங்கள் இறங்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் டீமில் மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். பிறகு நீங்கள் தீர்க்க வேண்டியது இரண்டு பேரின் பிணக்கை அல்ல, ஆறு பேரின் பிணக்கை.

கொழும்பு ஒஃபிஸ்களில் இப்படியான நேரத்தில் முதலில் காதில் விழும் வார்த்தை, “அவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவராது” என்பதுதான். அதை நம்பி ஒருவரை வேறு டீமுக்கு மாற்றினால், அந்த இடத்துக்கு வரும் புதியவரும் மூன்று மாதத்தில் அதே சண்டையைப் போடுவார். ஏனென்றால் ப்ரொஜெக்டில் வரும் பிணக்குகளில் கணிசமானவை ஆளின் குணத்தில் பிறப்பதில்லை. வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில் பிறக்கின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் ப்ரொஜெக்ட் மெனேஜரின் வேலை.

விளக்கத்துக்கு ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் ஒரு சொஃப்ட்வெயார் டீம், லண்டனில் கிளையன்ட். புதனும் வெள்ளியும் டெவலப்பர் பிற்பகல் 3.30க்கு பில்டை (பரிசோதிக்கத் தயாரான பதிப்பை) கொடுக்கிறார், டெஸ்டர் அதைப் பரிசோதிக்கிறார், கிளையன்ட் தன் நேரம் மதியம் 12 மணிக்கு அதைத் திறந்து பார்க்கிறார். ஏப்ரல் மாதம் முழுவதும் கிளையன்டின் கையில் பக் அகப்படுகிறது. “டெஸ்ட் பண்ணவே இல்ல” என்கிறார் டெவலப்பர். “நேரத்துக்குத் தரவே இல்ல” என்கிறார் டெஸ்டர்.

முதலில்: இது நீங்கள் தீர்க்க வேண்டியதா?

பாலியல் தொந்தரவு, அடிதடி அல்லது மிரட்டல், இனத்தையோ மதத்தையோ சொல்லி இழிவுபடுத்துவது ஆகிய மூன்றும் பிணக்கு அல்ல. இவற்றில் நீங்கள் சமாதானம் பேசக் கூடாது. பாதிக்கப்பட்டவரையும் குற்றம் சாட்டப்பட்டவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கவே கூடாது. பாலியல் தொந்தரவு இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். அதை ‘டீம் விஷயம்’ என்று உங்களோடு வைத்துக்கொண்டால் நீங்களும் பதில் சொல்ல வேண்டி வரும். சொன்னவரின் வார்த்தைகளை அப்படியே திகதி, நேரத்தோடு எழுதி, அவருக்குத் தெரியப்படுத்திவிட்டு, அன்றைக்கே எச்.ஆர்.-இடம் கொடுங்கள்.

வேலை நேரம் பற்றிய முறைப்பாட்டையும் பிரித்துப் பாருங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. ஒருவர் “நான் மட்டும் ஏன் ஒவ்வொரு நாளும் இரவு 9 மணி வரை இருக்க வேணும்?” என்று சக ஊழியரிடம் எரிந்து விழுந்தால், அந்தக் கோபம் போக வேண்டிய இடம் சக ஊழியர் அல்ல. நீங்கள் போட்ட பிளான்.

ஆட்களிடம் போகுமுன் அரை மணித்தியாலம்

கதைக்கத் தொடங்குமுன் தடயங்களைப் பாருங்கள். ஜிராவில் கடைசி எட்டுக் கிழமைகளில் மீண்டும் திறக்கப்பட்ட டிக்கெட்டுகள் (பக் பதிவுகள்), பில்ட் கைமாறிய நேரங்கள், கோட் ரிவியூ (எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்ப்பது) எத்தனை மணிக்கு முடிந்தது, கிளையன்டின் மெயில் எத்தனை மணிக்கு வந்தது. ஒரு தாளில் திகதி வாரியாக எழுதினாலே போதும். தனிப்பட்ட சாட்களைக் கேட்கவும் வேண்டாம், யாராவது ஸ்கிரீன்ஷாட் கொண்டுவந்து நீட்டினால் வாங்கவும் வேண்டாம். வாங்கிய நிமிடத்திலிருந்து நீங்கள் நீட்டியவரின் ஆள் ஆகிவிடுவீர்கள்.

நமது உதாரணத்தில் அந்தத் தாள் என்ன காட்டும்? பில்ட் வந்த நேரம் மாறவில்லை, மார்ச்சிலும் 3.30, ஏப்ரலிலும் 3.30. பரிசோதனைக்கு எடுக்கும் நேரமும் மாறவில்லை, 90 நிமிடம். மாறியது லண்டனின் மணிக்கூடு. பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுகிறார்கள். குளிர்காலத்தில் லண்டன் மதியம் 12 என்றால் கொழும்பில் மாலை 5.30. மணிக்கூடு மாறிய பிறகு அதே 12 மணி கொழும்பில் 4.30. பரிசோதனைக்கு இருந்த இரண்டு மணித்தியாலம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 90 நிமிட வேலையை 60 நிமிடத்துக்குள் யாராலும் முடிக்க முடியாது.

“நான் எப்பவும் குடுக்கிற நேரத்துக்குத்தான் குடுத்தேன்” என்று டெவலப்பர் சொல்வது உண்மை. “எனக்கு நேரம் கிடைக்கல” என்று டெஸ்டர் சொல்வதும் உண்மை. இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நினைக்கிறார்கள். டீம் பிணக்குகளில் அடிக்கடி காணக்கூடியது இதுதான்.

ஆனாலும் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் “கண்டுபிடிச்சிட்டேன்” என்று சொல்லாதீர்கள். ஒரு மாதமாகப் பட்ட கோபத்தைச் சொல்லித் தீர்க்காமல் விடையை நீட்டினால், தலையாட்டிவிட்டுப் போவார்கள், மனதில் அப்படியே இருக்கும்.

தனித்தனியாகக் கதைப்பது

ஒவ்வொருவருக்கும் 30 முதல் 45 நிமிடம். இருவரையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு மற்றவர் என்றால் இரண்டாமவர் இரவெல்லாம் “என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்” என்று யோசித்துக்கொண்டு வருவார். கண்ணாடி மீட்டிங் ரூம் வேண்டாம், முகம் வெளியே தெரியும். கன்டீனும் வேண்டாம். காற்றோட்டமாக நடந்துகொண்டே கதைக்கலாம் என்றால் நல்லது. பலருக்கு நேருக்கு நேர் உட்கார்ந்தால் வராத வார்த்தை பக்கத்தில் நடக்கும்போது வரும். வெள்ளி பின்னேரத்திலோ போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முதல் நாளோ தொடங்காதீர்கள். பாதி கதைத்த கதையை விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுபோய் ஊதிப் பெருசாக்கிக்கொண்டு வருவார்கள்.

எந்த மொழியில் கதைக்க விரும்புகிறார் என்று கேளுங்கள். ஒஃபிஸ் வேலையை ஆங்கிலத்தில் சரளமாகச் செய்பவருக்கும் மனத்தாங்கலைச் சொல்லத் தாய்மொழி வேண்டும். சிங்களம் பேசும் ஒருவரோடு உங்கள் சிங்களம் திணறினால், இருவரும் நம்பும் இன்னொரு மூத்தவரைக் கூட வைத்துக்கொள்வது தவறல்ல, அவர் சம்மதித்தால்.

தொடக்கத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: “நீங்க சொல்றதை உங்களைக் கேட்காம மத்தவர்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா யாருக்காவது பாதுகாப்புப் பிரச்சினை இருக்கிற மாதிரி எதையாவது சொன்னா, அதை எச்.ஆர்.-இட்ட சொல்ல வேண்டி வரும்.” இந்த இரண்டாம் வசனத்தை விட்டுவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

பிறகு கேள்விகள். கடைசியாக இது நடந்த நாளில் காலையிலிருந்து என்ன நடந்தது? அந்த நேரத்தில் உங்களுக்குத் தேவைப்பட்டது எது? மற்றவருக்கு என்ன நெருக்கடி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இதில் உங்கள் பக்கம் மாற்றக்கூடியது ஏதாவது இருக்கிறதா? நாளைக்கே இது சரியாகிவிட்டால் எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்? “ஏன் அப்படிச் செய்தீர்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ‘ஏன்’ காதில் விழுந்ததும் ஆள் பதில் தேடமாட்டார், சாட்டுத் தேடுவார்.

குறிப்பை மூன்று நிரலாக எழுதுங்கள்: நடந்தது, அவருக்குப் பட்டது, அவருக்கு வேண்டியது. டெஸ்டர் “அவர் என்னை மதிக்கிறதே இல்ல” என்றால் அது இரண்டாவது நிரல். “எப்ப அப்படிப் பட்டது?” என்று கேட்டால், “பில்ட் பிந்துதெண்டு ஒரு மெசேஜ் கூடப் போடல” என்று வரும். அது முதல் நிரல். “பிந்தினா முதலே சொல்லணும்” என்பது மூன்றாவது. மதிப்பு என்ற பெரிய சொல், ஒரு மெசேஜ் என்ற சின்ன வேலையாக இறங்கிவிட்டது. தீர்க்கக்கூடியது அந்தச் சின்ன வேலைதான்.

அவர் கதைக்கும்போது நீங்கள் சொல்லக் கூடாத வசனம் ஒன்று உண்டு: “அவர் அப்படித்தான், எனக்கும் தெரியும்.” ஆறுதலுக்குச் சொல்வீர்கள். அன்று மாலைக்குள் அது “மெனேஜரே சொன்னார்” என்று மற்றவரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

முறைச் சொல்லும் முன்னிலைச் சொல்லும்

இதை வேறு நாட்டு வழிகாட்டிகளில் அதிகம் காண முடியாது, ஆனால் கொழும்பில் இதைக் கவனிக்காமல் எந்தப் பிணக்கும் முழுதாகத் தீராது. புதிதாக வந்த டெஸ்டர் மூத்த டெவலப்பரை ‘அண்ணா’ என்கிறார். வீட்டில் அண்ணாவிடம் “இது சரியில்ல, திரும்பச் செய்யுங்க” என்று சொல்லிப் பழக்கமில்லை. அதனால் பக்கை வாயால் சொல்லாமல் டிக்கெட்டை மட்டும் திறக்கிறார். அண்ணாவுக்கோ, நேரே சொல்லாமல் எல்லாரும் பார்க்கும் இடத்தில் போட்டுக் கொடுத்ததாகப் படுகிறது. சிங்களத்தில் அய்யா (அண்ணா), மல்லி (தம்பி), நங்கி (தங்கை) என்று அழைக்கும் டீம்களிலும் இதே கதைதான்.

முன்னிலைச் சொல்லிலும் முள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தவருக்கு ‘நீர்’ என்பது சமமானவரிடம் இயல்பாக வரும் சொல். மலையகத்திலிருந்து வந்து ‘நீங்க’ என்றே கேட்டுப் பழகியவருக்கு அது அதட்டலாகக் கேட்கலாம். சொன்னவருக்குத் தான் என்ன தவறு செய்தோம் என்றே தெரியாது. தனிச் சந்திப்பில் “அவர் கதைக்கிற விதம்” என்று யாராவது சொன்னால், எந்தச் சொல் என்று கேட்டுவிடுங்கள்.

முறைச் சொல்லை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அதில் பாசமும் இருக்கிறது. ‘இல்லை’ என்று சொல்லும் பொறுப்பை ஆளிடமிருந்து எடுத்துப் பட்டியலிடம் கொடுங்கள். பில்டை ஏற்பதற்கு 10 அல்லது 12 வரிப் பட்டியல் ஒன்று இருந்தால், “7ஆவது வரி ஃபெயில், அண்ணா” என்று சொல்வது யாருக்கும் கஷ்டமில்லை.

எந்த வழியில் தீர்ப்பது

கென்னத் தோமஸ், ரால்ஃப் கில்மன் இருவரும் 1974இல் வெளியிட்ட கணிப்பு முறை, பிணக்கை மனிதர் கையாளும் வழிகளை ஐந்தாகப் பிரிக்கிறது: தன் பக்கத்தை வலியுறுத்தல், விட்டுக்கொடுத்தல், தவிர்த்தல், சமரசம், சேர்ந்து தீர்வு காணல். ஐந்துக்கும் இடம் உண்டு. சேர்வர் விழுந்து கிளையன்ட் லைனில் இருக்கும்போது, “இப்ப பழைய வேர்ஷனுக்குப் போறோம், கதை பிறகு” என்று நீங்கள் கட்டளையிடத்தான் வேண்டும். பட்டனின் நிறம் பற்றிய சண்டையில் ஒருவர் விட்டுக்கொடுத்தால் முடிந்தது. இருவரும் கொதித்துப்போயிருந்தால் மறுநாள் காலைவரை தவிர்ப்பது நல்லது, ஆனால் மறுநாள் காலை எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுத் தவிருங்கள்.

சமரசத்தில்தான் எச்சரிக்கை தேவை. நம்மூரில் நடுவில் வெட்டிப் பங்கு போடுவதை நியாயம் என்று எடுத்துக்கொள்கிறோம். நமது உதாரணத்தில் டெவலப்பர் 3.30 என்கிறார், டெஸ்டர் 2.30 கேட்கிறார், நீங்கள் 3.00 என்று முடித்துவைக்கிறீர்கள். 3.00க்குத் தொடங்கினால் 90 நிமிடப் பரிசோதனை சரியாக 4.30க்கு முடியும், கிளையன்ட் திறக்கும் அதே நிமிடம். ஒரு பக் வந்தாலும் திருத்த நேரமில்லை. இருவரும் அரை மணித்தியாலம் இழந்தார்கள், பிரச்சினை அப்படியே இருக்கிறது. இப்படித் திரும்பத் திரும்ப நடக்கும் வேலையில் வரும் பிணக்குக்குச் சேர்ந்து தீர்வு காண்பதைத் தவிர வேறு வழி பார்க்காதீர்கள்.

டீம் புதிது என்றால் ஒரு ஆறுதல். குழுக்கள் உருவாகும் படிகளை புரூஸ் டக்மன் 1965இல் வகுத்தபோது, சேர்ந்தவுடன் வரும் இரண்டாம் கட்டமே மோதல் கட்டம்தான். முதல் சில கிழமைகளில் வரும் உரசலைக் கண்டு பதற வேண்டாம். அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம்.

இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கும் ஒரு மணித்தியாலம்

தனிச் சந்திப்புக்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு நாளில், காலை 10 மணிபோல் வையுங்கள். இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்காமல், இருவரும் வைட்போர்டைப் பார்க்கும்படி மேசையின் ஒரே பக்கத்தில் அமர்த்துங்கள். எல்லாருக்கும் புரியும் ஒரே மொழி. தமிழர் ஒருவரும் சிங்களவர் ஒருவரும் இருந்தால், நீங்கள் தமிழரிடம் ஒரு சொல்கூடத் தனியாகத் தமிழில் சொல்லக் கூடாது, அது “தண்ணி குடிங்க” என்றாலும் சரி. அறையில் நம்பிக்கை போவதற்கு அந்த ஒரு வசனம் போதும்.

முதல் 5 நிமிடம் உங்களுடையது. “யார் சரி எண்டு பார்க்க நாங்க வரல. புதனும் வெள்ளியும் பில்ட் எப்படிக் கைமாறணும் எண்டு முடிவெடுக்க வந்திருக்கிறம். ஒருத்தர் கதைக்கேக்க மத்தவர் குறுக்கிட வேண்டாம். நான் நடுவில நிப்பாட்டினா கோவிக்க வேண்டாம்.” இவ்வளவு போதும்.

அடுத்த 15 நிமிடம்: ஒவ்வொருவரும் 5 நிமிடம் தன் பக்கத்தைச் சொல்ல, மற்றவர் தான் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, திருப்பிச் சொன்னால் போதும். பலரும் இந்தப் படியைச் சங்கடமாக உணர்ந்து தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் பிறகு 40 நிமிடமும் இருவரும் தாங்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு 20 நிமிடம் போர்டில். ஒரு நீளக் கோடு போட்டு, காலை 8.30 முதல் மாலை 5.30 வரை குறித்து, புதன்கிழமை வேலையை இருவரையுமே எழுத விடுங்கள். மார்க்கரை நீங்கள் பிடிக்காதீர்கள். மணிக்கூடு மாறியதை அங்கே அவர்களே காண்பார்கள். காணாவிட்டால், “லண்டன் 12 மணி இப்ப எங்களுக்கு எத்தனை மணி?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அடுத்து, “பில்டை 2.30க்குத் தர முடியாதா?” என்ற கேள்வி வரும். “ரிவியூ முடியவே 3 மணி ஆகுது” என்பார் டெவலப்பர். ரிவியூ செய்யும் டெக் லீட் (டீமின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்) பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதை எடுக்கிறார். சண்டையில் பெயரே அடிபடாத மூன்றாவது ஆளின் கையில் திறப்பு இருக்கிறது.

மிச்ச நேரம் வழி தேடவும் எழுதவும். உங்களிடம் தயாரான விடை இருந்தாலும் மூன்றாவதாகச் சொல்லுங்கள், அவர்களிடமிருந்து இரண்டு வரட்டும்.

இடையில் ஒருவர் அழுதால் சந்திப்பை முடித்துவிடாதீர்கள். 10 நிமிடம் நிறுத்தி, பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒருவர் வாயே திறக்காவிட்டால், எழுதித் தரச் சொல்லலாம். “எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க” என்று வராதவர்களைச் சாட்சிக்கு இழுத்தால், “உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்க” என்று திருப்புங்கள். குரல் உயர்ந்து இரண்டாம் முறையும் அடங்கவில்லை என்றால் மட்டும் நிறுத்தி, அடுத்த நேரத்தை அங்கேயே குறித்துக்கொண்டு எழும்புங்கள்.

எழுதிய உடன்பாடு

“இனி ஒழுங்காக் கதைச்சுப் பேசி வேலை செய்வோம்” என்பது உடன்பாடல்ல. அதை மீறியதாக யாரும் நிரூபிக்க முடியாது. யார், எதை, எத்தனை மணிக்கு, தவறினால் என்ன என்பது இருக்க வேண்டும். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். நமது உதாரணத்தில் அது இப்படி இருக்கும்:

1. புதன், வெள்ளி கோட் ரிவியூ காலை 11.00க்குத் தொடங்கி 12.30க்கு முடியும். பொறுப்பு: டெக் லீட்.
2. பில்ட் பிற்பகல் 2.30க்கு டெஸ்டரிடம் வரும். பொறுப்பு: டெவலப்பர்.
3. 2.45ஐத் தாண்டும் என்று தெரிந்தால், 2.15க்கு முன் டீம் குரூப்பில் ஒரு வரி. கிளையன்டுக்குச் சொல்வது ப்ரொஜெக்ட் மெனேஜர்.
4. பக்கை மீண்டும் திறக்கும்போது செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, ஸ்கிரீன்ஷாட் நான்கும் இருக்கும். பொறுப்பு: டெஸ்டர்.
5. ஒக்டோபர் கடைசி ஞாயிறு லண்டன் மணிக்கூடு பின்னுக்குப் போனதும் நேரங்களை மீண்டும் பார்ப்போம். பொறுப்பு: ப்ரொஜெக்ட் மெனேஜர்.

டெக் லீட் சந்திப்பில் இல்லை என்பதால் முதல் வரியை அவரிடம் கேட்காமல் எழுதக் கூடாது. அவர் சம்மதித்த பிறகு மெயிலில் அனுப்புங்கள். மெயிலில் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், ‘பில்ட் நேர மாற்றம்’ என்ற தலைப்பு போதும். மற்றவர்கள் பார்த்தாலும் யார் முகமும் கெடாது. ரெட்ரோவில் (நடந்த வேலையை டீமாகத் திரும்பிப் பார்க்கும் சந்திப்பில்) எடுத்து அலசுவதும், “இனி ஃப்ரெண்ட்ஸ்” என்று குரூப் ஃபோட்டோ எடுப்பதும் இருவரையும் கூசவைக்கும்.

பிறகு பார்ப்பது

மூன்றாம் நாள் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம்: “நேற்று பில்ட் எப்படிப் போச்சு?” இரண்டு கிழமை கழித்து இருவரோடும் 15 நிமிடம், உடன்பாட்டுத் தாளை வைத்துக்கொண்டு. இதற்குள் நான்கு பில்ட் போயிருக்கும். நான்கில் மூன்று நேரத்துக்கு வந்திருந்தால் வழி சரி, தவறிய ஒன்றில் 2.15 மெசேஜ் வந்ததா என்று மட்டும் பாருங்கள். நான்கில் இரண்டு தவறியிருந்தால் ஆளைக் குறை சொல்லுமுன், ரிவியூ உண்மையில் 12.30க்கு முடிகிறதா என்று பாருங்கள். எண்களைவிடத் தெளிவான அடையாளம் ஒன்று இருக்கிறது: இருவரும் உங்களை சிசி-யில் போடாமல் ஒருவருக்கொருவர் நேரே கதைக்கத் தொடங்கியிருப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சரிவராத பிணக்குகள் உண்டு. ஒருவருக்கு உங்களைத் தவிர இன்னொரு மேலாளரும் இருந்து, இருவரும் எதிரெதிரான வேலை கொடுத்தால், கீழே இருப்பவர்களைக் கதைக்க வைத்துப் பயனில்லை. அந்த மேலாளரோடு நீங்கள்தான் உட்கார வேண்டும். பதவி உயர்வு ஒரே ஒரு இடம், இருவரும் போட்டி என்றால் அதை எச்.ஆர்.-உம் துறைத் தலைவரும் வெளிப்படையாக முடிவுசெய்யும்வரை நீங்கள் செய்யக்கூடியது, யார் செய்த வேலை எது என்று ஒவ்வொரு கிழமையும் சரியாகப் பதிவதுதான்.

இரண்டு முறை உடன்பாடு எழுதியும் ஒருவர் வேண்டுமென்றே மீறினால், அப்போது அது நடத்தைப் பிரச்சினை. இரண்டு உடன்பாடுகளையும் திகதிகளையும் எடுத்துக்கொண்டு அவருடைய மேலாளரிடம் போங்கள், போகிறேன் என்று அவரிடமே முதலில் சொல்லிவிட்டுப் போங்கள். வேலையைப் பிரித்துக் கொடுப்பதாக முடிவானால், பிரிக்கும் இடத்திலும் ஒரு கைமாற்றம் இருக்கும். அது எத்தனை மணிக்கு, யாரிடமிருந்து யாருக்கு என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.